பணியிடத்தை விட்டு நீங்காதவர்

என் தங்கை புருஷனுக்குச் சாலைத்துறை தர வேண்டிய பாக்கி முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது. இதில் ஆயிரத்து நானூற்று அறுபது, அவர் உயிரோடு இருந்து வேலை செய்த கடைசி நாட்களின் கூலி. மிச்சம் முப்பதாயிரம், அவர் செத்ததற்கு. துறையில் இரண்டையும் ஒரே தாளில் கூட்டிப் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, ‘மொத்தம்’ என்று எழுதியிருந்தார்கள். அவருடைய மொத்தம் அவ்வளவுதான்.

அவரை எல்லாரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன். கான்கிரீட் ரோடு போடுகிற இடத்தில் அவருக்கு ஒரே வேலை. அந்த ரோட்டை ஒரே நீளமாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. போட்டால் வெயிலுக்கு நீண்டு, குளிருக்குச் சுருங்கி, தனக்குத் தோன்றிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். அதனால் பலகை பலகையாகப் பிரித்து, ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இணைப்பு என்று ஒன்று வைப்பார்கள். கலவை கொட்டுவதற்கு முன்பே, இணைப்பு வரப்போகிற இடத்தில், முழங்கை நீளத்துக்கு வழவழப்பான இரும்புக் கம்பிகளை, அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற கூட்டில் வரிசையாகக் கிடத்த வேண்டும். கம்பியின் ஒரு பாதி இந்தப் பலகைக்குள், மறு பாதி அந்தப் பலகைக்குள். ஒரு பாதிக்கு மட்டும் கிரீஸ் தடவ வேண்டும். தடவின பக்கம் வழுக்கி, நீள்வதற்கும் சுருங்குவதற்கும் இடம் கொடுக்கும். தடவாத பக்கம் பிடித்துக்கொள்ளும். லாரி ஒரு பலகையின் ஓரத்தில் ஏறும்போது அந்தக் கம்பிகள்தான் பாரத்தில் பாதியை அடுத்த பலகைக்குக் கைமாற்றிவிடும்.

“ஒரு பக்கம் ஒட்டணும், ஒரு பக்கம் வழுக்கணும் மச்சான்,” என்பார் மாப்பிள்ளை. “ரெண்டு பக்கமும் ஒட்டுனா வெடிச்சிரும். உங்க தங்கச்சிகிட்ட நான் இப்படித்தான் காலத்த ஓட்டறேன்.”

என் வேலை அதற்குப் பின்னால் வருவது. கான்கிரீட் இறுகி, ஆனால் முழுக்க இறுகிவிடாத நேரம் பார்த்து, வெட்டு மெஷினைத் தள்ளிக்கொண்டு போய், கம்பி வரிசைக்கு நேர் மேலே குறுக்காக ஒரு கோடு வெட்டுவேன். மேலாகக் கொஞ்சம்தான் வெட்டுவது. மிச்ச ஆழத்துக்கு, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கான்கிரீட் தானாகவே வெடிக்கும். எப்படியும் வெடிக்கப்போகிற ஒன்றிடம், இன்ன இடத்தில் வெடி என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. துறையில் இதற்கு வடிவமைப்பு என்று பெயர்.

ஒரு காலையில் மாப்பிள்ளை குனிந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது கலவை லாரி பின்பக்கமாக வந்தது. ஓட்டுநருக்குக் கண்ணாடியில் அவர் தெரியவில்லை. நடந்தது அவ்வளவுதான். அவரைத் தூக்கி ஓரமாகப் படுக்கவைத்து மேலே சாக்கு போட்டோம். லாரியின் வயிற்றுக்குள் கலவை சுற்றிக்கொண்டே இருந்தது. அது ஆளுக்காகக் காத்திருக்காது, இறுகிவிடும். மேஸ்திரி போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கொட்டச் சொல்லிவிட்டார். கம்பிகளும் கூடும் சக்கரத்தில் நசுங்கிப் போயிருந்தன. புதுசாகக் கிடத்த வேண்டியவர் சாக்குக்கு அடியில் இருந்தார். நசுங்கினதை இழுத்துப் போட்டுவிட்டு வெறும் மண்மேல் கொட்டினார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. மேஸ்திரி பார்த்தார். ஒப்பந்தக்காரர் பார்த்தார். துறையின் உதவிப் பொறியாளர் குடை பிடித்து நின்று பார்த்தார். நான் உடலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் கோடு வெட்ட வேறு ஆள் வந்தான். நன்றாகவே வெட்டியிருந்தான், நூல் பிடித்த மாதிரி. அதுதான் இருநூற்றுப் பன்னிரண்டாம் இணைப்பு.

தங்கையின் அறை அந்த ரோட்டை ஒட்டிய வரிசையில் இருந்தது. வாசலில் நின்றால் அந்தக் கோடு தெரியும்.

ரோட்டைத் திறந்துவிட்ட கொஞ்ச நாளைக்கு ஒன்றும் இல்லை. பிறகு தட்ட ஆரம்பித்தது. லாரியின் பாரம் ஒரு பலகையின் ஓரத்தை அமுக்கும். கைமாற்றக் கம்பி இல்லாததால் அடுத்த பலகை அசையாமல் அப்படியே நிற்கும். முன்சக்கரம் அதன் விளிம்பில் போய் மோதும், டக். பின்சக்கரம் மோதும், டக். தங்கையின் அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசும். மழை பெய்தால் அடியில் தேங்கின தண்ணீரைப் பலகை அமுக்க, கோட்டின் வழியாகச் சேறு பீறிடும். ஒவ்வொரு லாரிக்கும் அந்த இடம் ஒருமுறை துப்பும். ஒருநாள் துப்பின சேற்றைக் குனிந்து பார்த்தேன். அதில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தது. லாரியிலிருந்து ஒழுகியதாகத்தான் இருக்க வேண்டும்.

விடியற்காலையில்தான் தட்டல் அதிகம். இரவுக் குளிரில் பலகையின் ஓரங்கள் மேலே சுருண்டு நிற்கும், அடியில் பிடிமானம் இருக்காது. நடுமதியம் வெயிலில் பலகைகள் நீண்டு ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும், சத்தம் அடங்கிவிடும். இதைத் தங்கைக்குச் சொன்னேன்.

“பகல்ல தூங்கிடறார், விடியறதுக்கு முன்ன எழுந்துடறார்,” என்றாள் அவள். “உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான்.”

கம்பி இல்லாததால் வருகிற சத்தம் அது என்று எடுத்துச் சொன்னேன்.

“எனக்கும் தெரியும்ணா. அதான் தேடறார்.”

அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போனால் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன். எத்தனையோ ஆயிரம் கோடு வெட்டினவன், ஒரு கோட்டைத் தாண்டினேன்.

தங்கை இளைத்துக்கொண்டே வந்தாள். லாரி தூரத்தில் வரும்போதே கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவாள். தட்டி முடித்த பிறகுதான் மூச்சு விடுவாள். ஊரின் அந்தக் கோடியில், லாரியே போகாத சந்தில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தேன். முன்பணம் முப்பதாயிரம் கேட்டார்கள். துறை கொடுத்துவிட்டால் அவள் அன்றைக்கே போய்விடலாம்.

துறை அலுவலகத்தில் ‘இணைப்புச் செயல்திறன் பிரிவு’ என்று பலகை மாட்டின அறையில் ஒரு எழுத்தர் இருந்தார். நல்ல மனுஷர், உட்காரச் சொல்வார். ரோட்டின் கடைசி இணைப்புவரை சான்று ஆனால்தான் கணக்கு மூடும், கணக்கு மூடினால்தான் பாக்கி பட்டுவாடா ஆகும் என்று விளக்கினார். எல்லா இணைப்பும் சான்றாகிவிட்டதாம். ஒன்றே ஒன்றின்மேல் மட்டும் சத்தம் வருகிறது என்று ஒரு புகார் நிலுவையாம். புகார் கொடுத்தது யார் என்று தேடிப் பார்த்தார். என் தங்கை. சத்தம் தாங்காமல் பக்கத்து அறைக்காரரிடம் எழுதி வாங்கி அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்றேன். சத்தம் நின்றால்தான் திரும்பப் பெற முடியும் என்றார்.

உதவிப் பொறியாளர் விசாரிக்க வந்தார். அலுவலக வண்டி கிளம்பி, வழியில் தேநீர் முடித்து, வந்து சேரும்போது நடுமதியம். ரோடு சாதுவாகக் கிடந்தது. மூன்று முறை வந்தார், மூன்று முறையும் நடுமதியம். விடியற்காலையில் வாருங்கள் என்று தங்கை கெஞ்சினாள். விடியற்காலையில் வருகிற சத்தம் அலுவலக நேரத்துக்கு வெளியே வருகிற சத்தம், அதற்குத் துறை பொறுப்பாகாது என்று பொறுமையாகச் சொன்னார். ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். நான்காம் முறை, ஒரு மேகமூட்டமான காலையில், எடை போட்டுப் பார்க்கிற மெஷினை இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்த மெஷின் ஒரு பலகையின் ஓரத்தில் தொம்மென்று எடையைப் போடும். அடுத்த பலகை அதில் எவ்வளவைத் தாங்குகிறது என்று நூற்றுக்கு இவ்வளவு என எண் காட்டும். எழுபத்தைந்துக்கு மேல் வந்தால் நல்ல இணைப்பு. முந்தின இணைப்பில் எண்பத்தெட்டு வந்தது. அடுத்ததில் எண்பத்தாறு. இருநூற்றுப் பன்னிரண்டில் பதினொன்று.

பொறியாளர் மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பதினொன்று. அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். அன்றைக்குக் குடையோடு நின்றவர் இவர்தான். தோண்டிப் பார்த்தால் கம்பி இருக்காது. கம்பி இல்லையென்றால், இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட ஆறு பேர் இருப்பார்கள். அவர் என்னிடம் பேசினாரா, மெஷினிடம் பேசினாரா தெரியாது.

“வரைபடத்துல கம்பி இருக்கு. அளவுப் புத்தகத்துல கம்பி இருக்கு. கம்பிக்குப் பணமும் குடுத்தாச்சு. பணம் குடுத்த கம்பி எப்படிய்யா இல்லாம இருக்கும்? அப்படி இல்லைன்னு ஆரம்பிச்சா இந்தத் துறைல எதுதான் இருக்கும்?”

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார்.

பதினொன்றை விசாரிக்கக் குழு போட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு, விருந்தினர் மாளிகையில் கூடியது. ரோட்டுப் பக்கம் வரவில்லை. வந்தால் நேரில் பார்த்ததால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும் என்று குழுத் தலைவர் கருதினாராம். அவர்களுடைய அறிக்கையை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். வடிவமைப்பில் குறையில்லை, ஏனென்றால் அதைத் தலைமைப் பொறியாளர் செய்திருக்கிறார். பொருளில் குறையில்லை, சான்று இருக்கிறது. கட்டுமானத்தில் குறையில்லை, அதற்கும் சான்று இருக்கிறது. ஆகவே மேற்படி சத்தத்துக்குக் காரணம் ‘கட்டுமானத்துக்குப் புறம்பான இருப்பு.’

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். எழுத்தர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பேய்னு எழுத முடியாதுல்ல,” என்றார்.

பேய் யார் என்பதையும் குழு விட்டுவைக்கவில்லை. அந்த இடத்தில் இறந்தவர் துறைப் பதிவின்படி ஒருவர்தான், வேறு யாரும் உரிமை கோரவில்லை. எனவே மாப்பிள்ளைதான் என்று முடிவாகியிருந்தது. தங்கை சொன்னதையேதான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள், முத்திரையோடு. சரி, காரணம் தெரிந்துவிட்டதல்லவா, பாக்கியைக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

எழுத்தர் வருத்தமாகத் தலையாட்டினார். விதி இப்படி இருக்கிறதாம்: மரணத்தால் பணியிடத்தை விட்டு நீங்கியவருக்கு இறப்புத் தொகை. மாப்பிள்ளை இறந்தது உண்மைதான், துறை அதை மறுக்கவில்லை. ஆனால் பணியிடத்தை விட்டு நீங்கவில்லை. குழுவே சொல்லிவிட்டது.

“தினம் வேலைக்கு வர்றவருக்குச் சாவுப் பணம் எப்படிக் குடுக்கறது, நீங்களே சொல்லுங்க.”

“அப்ப தினக்கூலி குடுங்க சார்.”

நான் வயிற்றெரிச்சலில் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கொடுக்கலாமாம், ஆனால் வருகைப் பதிவில் தினமும் கைநாட்டு வேண்டுமாம் என்றார்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை பேருக்கே அறிவிப்பு வந்தது. ‘கிரீஸ், 212ஆம் இணைப்பு’ என்று விலாசம். துறைக்குச் சொந்தமான இணைப்பில் அனுமதியின்றித் தங்கியிருப்பதற்கு நாள் வாடகை, சத்தத்துக்கு அபராதம், சேறு துப்பியதைக் கழுவிய செலவு. கூட்டினால் துறை தர வேண்டியதற்கு மேல் போய்விட்டது. இப்போது அவர்தான் துறைக்குக் கடன்பட்டவர். அறிவிப்பை நேரில் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்ததால் ஊழியர் ஒருவர் பசை வாளியோடு வந்து கோட்டின்மேல் ஒட்டினார். ஒட்டி நிமிர்வதற்குள் ஒரு லாரி வந்தது. டக் டக். காகிதம் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. ஊழியர் கொஞ்ச நேரம் வெறும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் தாளில் ‘பெற்றுக்கொண்டார்’ என்று எழுதினார். எழுதிவிட்டு, கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

அதுமுதல் துறையில் எல்லாருக்கும் பயம்தான். தாங்களே எழுதினதைத் தாங்களே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். உதவிப் பொறியாளரின் ஜீப் இருநூற்றுப் பதினொன்றோடு நிற்கும். அவர் இறங்கி, ஓரத்து மண்ணில் நடந்து சுற்றிப்போய், இருநூற்றுப் பதின்மூன்றில் மறுபடி ஏறிக்கொள்வார். ஜீப் காலியாக இணைப்பைத் தாண்டி வரும். ஓட்டுநரைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

ஆனால் அந்த அறிக்கை துறைக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மற்ற ரோடுகளிலும் தட்டுகிற இணைப்புகள் இருந்தன, பதினொன்றும் பதின்மூன்றும் காட்டுகிறவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புறம்பான இருப்பைக் கண்டுபிடித்து அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. பெரும்பாலும் கஷ்டமில்லாமல் கிடைத்தது. மேலே தார் டிரம் உருண்டு செத்தவர், வெயிலில் சுருண்டவர், மண் சரிந்து புதைந்தவர் என்று எங்கே கேட்டாலும் ஒருவர் இருந்தார். சில ரோடுகளில் மட்டும் இணைப்பு நிறைய, இறந்தவர் குறைவு. அங்கேயெல்லாம் ஆள் பற்றாக்குறை என்று குறிப்பெழுதினார்கள். ஒரு வயசான காவலாளியைக் கூப்பிட்டு, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நூற்று நாற்பதாம் இணைப்புக்குப் போகச் சம்மதமா என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்களாம். மாதாமாதம் ஏதாவது தருவீர்களா என்று அவர் கேட்டாராம்.

எழுத்தரின் அறை வாசலில் ஒரு மரப் பெஞ்சு இருக்கும். முதலில் நானும் தங்கையும் மட்டும்தான் அதில் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு அம்மா வந்தார். பிறகு இரண்டு பேர். போகப்போகப் பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். எல்லாருமே புருஷனையோ மகனையோ ரோட்டில் விட்டவர்கள். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். “உங்களுக்கு எத்தனாவது?” என்று கேட்டுக்கொள்வார்கள். இணைப்பு எண்ணைச் சொல்வார்கள். வெளியே எங்கேயாவது கனமான வண்டி போனால் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தலை நிமிர்வார்கள். பார்க்க முடியாது அதை.

கடைசியில், முதல் வழக்கு என்பதால், மாப்பிள்ளையை நேரில் விசாரித்துக் கணக்கை முடிப்பது என்று தலைமைப் பொறியாளரே கிளம்பி வந்தார். காலை ஒன்பது மணிக்கு ரோட்டோரமாக நாற்காலிகள் போட்டார்கள். வானம் மூடிக் குளிராக இருந்தது. அவருக்கு ஒரு மேசை, மேசைமேல் விரிப்பு, தண்ணீர். எழுத்தர் தாளோடு உட்கார்ந்தார். எங்களை எதிர்ப்பக்கம் நிற்கவைத்தார்கள். நடுவில் கோடு. தலைமை எழுந்து, கோட்டைப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

“நான் முப்பது வருஷமா இணைப்பு வடிவமைக்கிறேன். இதுவரைக்கும் ஒரு இணைப்புகூட என் முன்னால வந்து குறை சொன்னதில்ல. ஏன்? ஒழுக்கம். பாரம் மேலேருந்து கீழ வரும். அதத் தாங்கறதுதான் கீழ இருக்கறவங்க கடமை. மேல இருக்கறவங்க குனிஞ்சு பாக்கணும்னு எந்த விதிலயும் இல்ல, நான் தேடிப் பாத்துட்டேன். கம்பி இல்லைன்னு சொல்றாங்க. கம்பி முக்கியமில்ல. நம்பிக்கை முக்கியம். பக்கத்துப் பலகை தாங்கும்ங்கற நம்பிக்கைலதான் இந்தத் துறையே நிக்குது. நான் தாங்கறதா அவர் நினைக்கிறார், அவர் தாங்கறதா நான் நினைக்கிறேன்.”

உதவிப் பொறியாளர் கைதட்டினார். தலைமை உட்கார்ந்து, விசாரணையைத் தொடங்கச் சொன்னார். துறைமேல் உமக்கு ஏதாவது குறை உண்டா என்று எழுத்தர் கோட்டைப் பார்த்துக் கேட்டார். காற்றடித்தது. பதில் இல்லை. ‘குறையில்லை’ என்று எழுதிக்கொண்டார். உமக்கு வர வேண்டிய பாக்கியெல்லாம் அபராதத்தில் கழிந்து தீர்ந்துவிட்டதாக ஒத்துக்கொள்கிறீரா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துச் சரக்கு லாரி ஒன்று வந்து ஏறியது.

டக் டக்.

எழுத்தரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் எழுதினார். இரண்டு தட்டினால் ஆமாம் என்று எந்த விதியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தலைமைக்கும் தெரிந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டினார். முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது அங்கேயே போயிற்று.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கை நடந்துவிட்டாள். நேராகப் போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என்னமோ பேசினாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வெகுநேரம் பேசவில்லை. எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“போயிட்டார் ஐயா.”

“யாரு?” என்றார் தலைமை.

“அவர்தான். நான் போகச் சொன்னேன், போயிட்டார். இனிமே அவர் இங்க இல்ல.”

ரோட்டின் அந்தக் கோடியில் அடுத்த லாரி வருவது தெரிந்தது. பாரம் ஏற்றினது, மெதுவாக வந்துகொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள். பேய் இருக்கிறது என்று அவர்கள் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேய் இல்லை என்றதும் வந்த பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு முன்னால் முதல் பயம் ஒன்றுமே இல்லை.

“அந்த வண்டிய நிறுத்து,” என்றார் தலைமை. மெதுவாகத்தான் சொன்னார்.

உதவிப் பொறியாளர் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ஓடினார். லாரி கோட்டுக்குப் பத்தடி முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும் சில. தலைமை எங்களை ஜீப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. அவசரப்படக் கூடாது என்றார். ஒரு மனுஷர் அவ்வளவு சீக்கிரம் போய்விட மாட்டார், இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமே என்றார். தங்கை, போயிட்டார் என்பதையே திரும்பச் சொன்னாள்.

“அப்ப இந்த லாரி போகும்போது சத்தம் வந்தா, அது யாரும்மா?”

“அத நீங்கதான்யா சொல்லணும்.”

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. தலைமை எழுத்தரைக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார். எழுத்தர் ஜீப்பின் என்ஜின் மூடிமேல் தாளை வைத்து எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டினார். ‘என் கணவர் மேற்படி இணைப்பில்தான் இருக்கிறார், தம் சொந்த விருப்பத்தின் பேரில் இருக்கிறார், சாலையின் வடிவமைப்பு ஆயுள் முடியும்வரை அங்கேயே இருப்பார், எழும் சத்தம் அனைத்தும் அவருடையதே என்று மனைவியாகிய நான் உறுதி கூறுகிறேன்.’ இதில் கைநாட்டு வைத்தால் வாடகையும் அபராதமும் ரத்து. பாக்கி முழுசாக இன்றைக்கே, நல்லெண்ணத் தொகை என்ற தலைப்பில்.

“ஆயுள்னா எத்தன வருஷம்யா?” என்று கேட்டாள் தங்கை.

“முப்பது.”

“உயிரோட இருந்தப்ப ஒரு மாசம் சேந்தாப்ல வேலை குடுத்ததில்ல நீங்க.”

தலைமை கோட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். தங்கை என்னைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. சந்தில் பார்த்து வைத்த அறையை யாரோ கேட்டு வருகிறார்கள், இந்த வாரத்துக்குள் பணம் வைக்காவிட்டால் போய்விடும் என்று இரண்டு நாளுக்கு முன்புதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

“அண்ணா, நான் கைநாட்டு வச்சா அவர் நெஜமாவே அங்கயே கெடக்கணுமா?”

“அது வெறும் பேப்பர்தானம்மா.”

“பேப்பர்லதானண்ணா கம்பியும் இருக்கு.”

அவள் திரும்பிக் கோட்டைப் பார்த்தாள். லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. பிறகு போய் ஜீப்பின் மூடிமேல் கையை நீட்டினாள். எழுத்தர் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் அழுத்தினார். தாள் காய்வதற்குள் தலைமை கையை உயர்த்தினார், சிவப்புத் துணி இறங்கியது. முதல் லாரி நகர்ந்து கோட்டின்மேல் ஏறியது.

டக் டக்.

தலைமை கண்ணை மூடிக்கொண்டார். நல்ல பாட்டுக் கேட்கிறவர் முகம் மாதிரி இருந்தது. இரண்டாவது லாரி. டக் டக். மூன்றாவது. தங்கை ஒவ்வொன்றுக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அன்று மாலையே பணம் கிடைத்தது. காசாளர் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார், ஒரு காசு குறையவில்லை. நாங்கள் வெளியே வரும்போது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று, எப்படிக் கொடுத்தார்கள், எதில் கைநாட்டு வாங்கினார்கள் என்று விசாரித்தார்கள். தங்கை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எழுத்தர் அதே வாசகத்தை, பெயருக்கும் எண்ணுக்கும் மட்டும் இடம் விட்டு, நூறு படி எடுத்துவர ஆள் அனுப்பியிருந்தார்.

மறுநாள் சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பேசி சாமான்களை ஏற்றினோம். பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி, பாத்திரங்கள், பாய்கள், அந்த அலமாரி. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள், நான் கதவோரம். வேறு வழி கிடையாது, அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இருநூற்றுப் பதினொன்று வந்ததுமே அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி தாண்டியது. ஒரு சத்தமும் இல்லை.

அவள் திரும்பி, பின் கண்ணாடி வழியாகக் கோடு தூரத்தில் தேய்ந்து போகிறவரை பார்த்தாள். பிறகு என் கையை விட்டாள்.

“பாத்தியாண்ணா. ஒண்ணும் சொல்லல.”

வண்டியில் பாரம் இல்லையம்மா, இந்தப் பாரத்துக்கு எந்தப் பலகையும் அசையாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன்.

“எப்படிச் சொல்லுவார்,” என்றாள் அவள், மடியில் இருந்த பணப் பையைச் சரியாக வைத்துக்கொண்டு. “கணக்குதான் தீந்துருச்சே.”